ரிச்சர்ட் பெட்டியை முதலில் ஓரமாக வையுங்கள்

ஸ்டாக் கார் ரேஸுக்கு, அதாவது சாதாரண கார் வடிவிலான ரேஸ் கார்கள் ஓடும் அமெரிக்கப் பந்தயத்துக்கு, உங்கள் சொந்த ஹால் ஆஃப் ஃபேம் (புகழ் மண்டபம்) பட்டியலைப் போடப் போகிறீர்களா? ரிச்சர்ட் பெட்டியையும் டேல் எர்ன்ஹார்ட்டையும் முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஏழு சாம்பியன்ஷிப். 2010-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில், இந்த ரேஸை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் ஹால் ஆஃப் ஃபேம் திறந்தபோதே முதல் ஐவரில் இருவரும் வந்துவிட்டார்கள். சண்டைக்கு இடமில்லாத பெயரைப் போட்டு நாற்காலியை வீணாக்க வேண்டாம். அங்கே 2020 வரை ஆண்டுக்கு ஐந்து பேர், பிறகு மூன்று. எனக்கு ஐந்துதான் பிடிக்கும். ஒரு கைவிரல் கணக்கு.

அடுத்து, வெற்றிகளை அப்படியே எண்ணாதீர்கள், வகுத்துப் பாருங்கள். பெட்டிக்கு 200 வெற்றி. ஆனால் ஓட்டியது 1,180 ரேஸுக்கு மேல். டேவிட் பியர்சன் 574 ரேஸில் 105. நூற்றுக்கு 18, பெட்டிக்கு 17 கூட முழுசாக வரவில்லை. காலத்தையும் பாருங்கள்: 1972-க்கு முன்னால் ஒரு சீசனில் ஐம்பது, அறுபது ரேஸ் கூட ஓடும், அதில் பல குட்டி மண் டிராக்குகள். அந்த ஆண்டிலிருந்து முப்பதை ஒட்டித்தான். என் முதல் நாற்காலி பியர்சனுக்கு. நாஸ்காரின் பெரிய ரேஸான டேடோனா 500-இல், 1976-இன் கடைசி லேப்பில் (டிராக்கைச் சுற்றும் கடைசிச் சுற்றில்) பெட்டியும் அவரும் மோதிச் சுழன்றபோது, கிளட்சை மிதித்து எஞ்சினை அணையாமல் காத்து, நொறுங்கிய காரை ஊர்ந்தபடி முடிவுக் கோட்டைத் தாண்ட வைத்தவர். பெட்டியின் கார் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அணைந்து நின்றுவிட்டது.

இரண்டாவது நாற்காலிக்கு அந்த வகுத்தலைத் தூக்கி எறியுங்கள். வெண்டல் ஸ்காட்: 495 ரேஸ், ஒரே வெற்றி. கார் ரிப்பேரும் அவரே பார்த்துக்கொள்வார். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில் மண் டிராக். வேறொருவர் ஜெயித்ததாகக் கொடி காட்டிக் கோப்பையையும் கொடுத்து அனுப்பினார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான், ஸ்காட் இரண்டு லேப் முன்னால் இருந்தார் என்று ஒப்புக்கொண்டார்கள். கறுப்பினத்தவர் ஒருவர் மேடையில் நிற்பதை அன்று யாரும் விரும்பவில்லை. கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021-இல். அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்றாவது, ஸ்டியரிங் பிடிக்காத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நான் லெனர்ட் வுட்டை வைப்பேன். ரேஸின் நடுவே காரை நிறுத்தி டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் பிட் ஸ்டாப்பை ஒரு கலையாக்கிய வுட் சகோதரர்களில் ஒருவர். 1965-இல், ஸ்டாக் கார் அல்லாத வேறு வகை ரேஸான இண்டியானாபொலிஸ் 500-க்கே அவர்களைக் கூப்பிட்டு ஜிம் கிளார்க்கின் காரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்; கிளார்க் ஜெயித்தார்.

நான்காவது நாற்காலியை மனசுக்குப் பிடித்தவருக்கு ஒதுக்குங்கள், ஆனால் காரணம் கணக்கில் நிற்க வேண்டும். எனக்கு ஆலன் குல்விக்கி. காருக்கு ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. மொத்தம் 5 வெற்றிதான். 1992 நவம்பர், அட்லாண்டா, சீசனின் கடைசி ரேஸ். அதிக லேப் முன்னணியில் இருந்தவருக்கு 5 போனஸ் பாயின்ட். பட்டத்துக்குப் போட்டியில் இருந்த பில் எலியட் ரேஸையே ஜெயித்தார். ஆனால் முன்னணியில் இருந்தது 102 லேப். குல்விக்கி 103. அந்த போனஸ் எலியட் பக்கம் போயிருந்தால் இருவரும் சமம், அதிக வெற்றி பெற்ற எலியட்டுக்கே பட்டம். அதனால்தான் எரிபொருளைக் கணக்குப் போட்டு, பிட்டுக்கு வராமல் கூடுதலாக ஓட்டினார்கள். 10 பாயின்ட் வித்தியாசத்தில் குல்விக்கி சாம்பியன். அடுத்த ஏப்ரலில் விமான விபத்தில் போய்விட்டார்.

ஐந்தாவதை ஒரு மனக்குறைக்கு வையுங்கள். 2010-க்குப் பிறகு வந்த பட்டியல்களில் மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக்கின் பெயரைத் தேடித்தேடி நான் அலுத்துப்போனேன். எரிபொருள் டேங்க் இவ்வளவுதான் இருக்கலாம் என்றது விதி. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயான ஃபியூயல் லைனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மனுஷன் 11 அடிக்கு, இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு லைன் போட்டார். அதற்குள்ளேயே கூடுதல் எரிபொருள் நின்றது. ஏமாற்று வேலையா, விதியை ஒழுங்காகப் படித்ததா?

எழுதி முடித்ததும், ஒவ்வொரு பெயருக்கும் இரண்டே வாக்கியத்தில் காரணம் சொல்லிப் பாருங்கள், அதுவும் எதிர்த்துப் பேசும் ஆளிடம். எனக்கு என் மச்சான் இருக்கிறான். ஸ்காட் வரை தலையாட்டினான். யூனிக்கைக் கேட்டதும், “டேங்க் திருடனுக்கு நாற்காலியா? டிம் ரிச்மண்டைப் போடு, 86-ல மட்டும் ஏழு ஜெயிச்சிருக்கான்” என்றான். ஏழு சரிதான். அதனால் அந்த ஐந்தாவது பெயரை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.