பிராட்பேண்ட் மாற்றும்போது பலரும் செய்யும் தவறுகள்

வீட்டுக்கு நெட் எடுக்கும்போது பெரும்பாலானவர்கள் பார்ப்பது இரண்டே எண்கள்தான். எத்தனை எம்பிபிஎஸ் வேகம், மாதம் எவ்வளவு ரூபாய். இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன், மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன. நெட் அடிக்கடி போவதற்கும், போனால் மூன்று நாள் வராமல் கிடப்பதற்கும் அந்த எண்கள் காரணமில்லை. தெருமுனைப் பெட்டியிலிருந்து உங்கள் வீட்டு ஜன்னல் வரை வரும் மெல்லிய கறுப்பு ஒயரும், அது அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டித் தரும் ஆளும்தான் காரணம்.

தமிழ்நாட்டில் நிறைய ஊர்களில் பெயர் பெரிய நிறுவனத்துடையதாக இருக்கும், லைன் போடுவதும் பழுது பார்ப்பதும் உள்ளூர் கேபிள்காரராக இருப்பார். பி.எஸ்.என்.எல். ஃபைபரே பல இடங்களில் இப்படி உள்ளூர் பங்காளர்கள் மூலமாகத்தான் வருகிறது. அதனால் ஒரே நிறுவனம் ஒரு தெருவில் ஆறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடும், இரண்டு தெரு தள்ளி வாரம் ஒருமுறை படுத்துவிடும். இணையத்தில் பார்க்கும் ஸ்டார் ரேட்டிங் இந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது, அது ஊர் முழுக்கச் சேர்த்த சராசரி. வேறு ஏரியாவில் இருக்கும் நண்பர் 'எங்க வீட்ல சூப்பரா இருக்கு' என்று சொன்னதை நம்பிப் பணம் கட்டுவதும் இதே தவறுதான்.

உங்கள் தெருவிலேயே, முடிந்தால் அதே கம்பத்திலிருந்து லைன் எடுத்திருக்கும் வீட்டில் கேளுங்கள். ஸ்பீடு எப்படி என்று கேட்டால் எல்லோரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள், அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. கடைசியாக எப்போது நெட் போனது, போன் செய்தால் யார் எடுத்தார்கள், எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார், ஞாயிற்றுக்கிழமை வருவார்களா, இதையெல்லாம் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் இதற்குச் சரியான பதில் சொல்பவர்கள் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் இ-சேவை மையம் நடத்துபவர்களும். நெட் இல்லாவிட்டால் அவர்களுக்கு அன்றைய வருமானமே போய்விடும், அதனால் அந்த ஏரியாவில் யார் ஒழுங்காக வருகிறார்கள், யார் போனை எடுப்பதில்லை என்று அவர்களுக்கு அத்துப்படி.

ஃபைபர் என்றால் அறுந்துபோகாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பத்துக்குக் கம்பம், மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்ட ஃபைபர் எதனாலும் அறுபடும். அணில் கடிக்கும், மின்வாரியத்தார் கிளை வெட்டும்போது சேர்ந்து வெட்டுப்படும், உயரமான லாரி இழுத்துக்கொண்டு போகும். தரைக்கடியில் போனால் மழைநீர் வடிகால் தோண்டும் ஜேசிபி பார்த்துக்கொள்ளும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது அவற்றோடு மேலே போன ஒயர்களும் அறுந்தன. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, அதோடு நெட்டும் போனது. ஆக, அறுபடாத லைன் என்று ஒன்று கிடையாது. அறுந்தால் எவ்வளவு சீக்கிரம் ஒட்டுகிறார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

இங்கே கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறது, அதனால் கரண்ட் கட் ஆனாலும் நெட் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. உங்கள் சிக்னல் கிளம்பும் இடத்தில், அதாவது ஆபரேட்டரின் அறையில் இருக்கும் கருவிக்கும் பேட்டரி இருக்க வேண்டும். லைன் எடுக்கும் முன்னால் நேராகவே கேட்டுவிடுங்கள், 'கரண்ட் போனா உங்க பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்?' என்று. தடுமாறினாரென்றால் அந்தத் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் முழுக்க உங்களுக்கு நெட் இருக்காது என்று வைத்துக்கொள்ளலாம். இன்வர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் உங்கள் கருவி 12 வோல்ட்தானா, எத்தனை ஆம்பியர் என்று அதன் அடாப்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. 2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் ஒரு சேவையைக் கொண்டுவந்தன. பெயரில் ஃபைபர் இருக்கிறதே தவிர வீட்டுக்கு ஃபைபர் வராது, மொட்டை மாடியிலோ ஜன்னலிலோ ஒரு பெட்டியை மாட்டி 5ஜி டவரிலிருந்து சிக்னலைப் பிடித்துத் தருகிறார்கள். ஃபைபர் வராத இடங்களில் இது வரப்பிரசாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் டவரை எல்லோரும் பங்குபோடுவதால் இரவு நேரத்தில் வேகம் ஏறி இறங்கும், பக்கத்தில் ஒரு உயரமான கட்டடம் எழும்பினாலும் சிக்னல் பாதிக்கப்படலாம். மாத டேட்டா வரம்பும் ஃபைபரைவிடக் குறைவாகவே இருப்பது வழக்கம். ஃபைபர் கிடைக்கிற தெருவில் இருந்துகொண்டு, ஆள் சீக்கிரம் வந்து மாட்டிவிட்டார் என்பதற்காக இதை எடுத்துவிட்டு அப்புறம் மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்கிறது என்று வருந்துபவர்களைப் பார்க்கிறேன்.

சரி, இப்போது இருக்கும் நெட் மோசம், மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் குறை லைனில் இருக்காது, வைஃபையில் இருக்கும். ரவுட்டரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிப் படுக்கையறையில் நெட் வரவில்லை என்றால் எந்தக் கம்பெனி வந்தும் பயனில்லை. மடிக்கணினியை லேன் கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் செருகுங்கள். வைஃபை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் ஸ்பீடு பாருங்கள். காலை ஆறு மணிக்கு எல்லா லைனும் பறக்கும், அது கணக்கில்லை. கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வரவில்லையா, ரவுட்டரைக் கூடத்தின் நடுவே உயரத்தில் வையுங்கள், பக்கத்தில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ், தூரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்துங்கள், அதுவும் போதவில்லை என்றால் இன்னொரு ரவுட்டர் போடுங்கள். கம்பெனி மாற்ற வேண்டிய தேவையே இராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் 94, 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? கேபிள்காரரைத் திட்டும் முன் ரவுட்டரின் பின்னால் பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். போர்ட் கிகாபிட்டாக இருந்தாலும், உள்ளே எட்டுக் கம்பியும் ஒழுங்காகச் சேராமல் நான்கு மட்டும் சேர்ந்திருக்கும் கேபிள் அதே 100-இல் நிறுத்திவிடும்.

மாறாக ஓஎன்டி பெட்டியில், அதாவது ஃபைபர் வந்து சேரும் அந்தப் பெட்டியில், லாஸ் (LOS) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது லைன் பிரச்சினை. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, புகார் கொடுக்க வேண்டியதுதான். அறுபடாமல், அங்கங்கே மடங்கியும் மோசமாக ஒட்டியும் வலுவிழந்த லைன் இதைவிடத் தொல்லை, சிவப்பு விளக்கு எரியாது, ஆனால் நெட் விட்டு விட்டு வரும். புது லைன் போட வருபவரிடம் பவர் மீட்டர், அதாவது ஃபைபரில் வரும் ஒளி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அளக்கும் கருவி இருக்கும். போட்டு முடித்ததும் அதை வைத்து ரீடிங் காட்டச் சொல்லுங்கள். அது டிபிஎம் (dBm) கணக்கில் மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 பக்கம் போனால் ஓஎன்டி பெட்டி பிடிக்கக்கூடிய எல்லைக்கே வந்துவிட்டது என்று அர்த்தம், ஒட்டு ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் நெட் போய்விடும். அவர் அங்கே நிற்கும்போதே மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு சொன்னால் அது இன்னொரு நாள் கதை.

பிளான் கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் 499 என்று இருந்தால் கையிலிருந்து போவது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589 ரூபாய். 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால்தான் டவுன்லோடு திரையில் காட்டும் மெகாபைட், அதாவது நொடிக்குப் பன்னிரண்டரை. 'அன்லிமிடெட்' என்ற பிளானுக்கும் மாத வரம்பு இருக்கும், பெரிய நிறுவனங்களின் ஃபைபர் பிளான்களில் அது சுமார் 3,300 ஜிபி. சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவதே அபூர்வம், அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம், சின்ன ஆபரேட்டர்களிடம் மட்டும் வரம்பு எவ்வளவு, தாண்டினால் என்ன வேகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேகத்திலும் பேராசை தேவையில்லை. ஒரு 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம், ஒரு வீடியோ மீட்டிங்குக்கு நாலைந்து போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நிலையான 100 எம்பிபிஎஸ், தள்ளாடும் 500-ஐவிட எவ்வளவோ மேல். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அப்லோடு வேகத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், சிலர் டவுன்லோடை மட்டும் சொல்லிவிட்டு அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சிசிடிவியை வெளியூரிலிருந்து நேராக ஐபி முகவரி போட்டுப் பார்ப்பவர்கள் பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக வந்து சேரக்கூடிய முகவரி கிடைக்குமா என்றும் கேட்டுவிட வேண்டும். பத்து ஓடிடி இலவசம் என்பதற்காக மட்டும் ஒரு லைனை எடுக்காதீர்கள்.

பணம் கட்டுவதில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் வருடச் சந்தா. பன்னிரண்டு மாதம் மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம், இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கையில் முழுப் பணமும் வந்துவிட்ட பிறகு உங்கள் புகாருக்கு என்ன அவசரம்? எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம் இப்படி ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டு, நெட் சரியில்லாததால் இரண்டாவதாக வேறொரு லைனும் எடுத்து இரண்டுக்கும் செலவழித்தது. முதலில் ஒரு மாதம் கட்டுங்கள். இன்ஸ்டலேஷனுக்கு ஆயிரம் ரூபாய் தனியாகப் போனாலும் பரவாயில்லை. ஒரு மழையைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆறு மாதம் கட்டலாம்.

கனெக்‌ஷன் உங்கள் பெயரிலும் உங்கள் மொபைல் எண்ணிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு ஆபரேட்டர் தன் எண்ணையே போட்டுவிடுவது நடக்கிறது, வாடகை வீட்டில் முன்பு இருந்தவர் பெயரிலேயே லைன் ஓடுவதும் உண்டு. புகார் எண், ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும், கடைசியில் லைனைத் துண்டிக்கக்கூட அவர்கள் தயவு வேண்டும்.

மாற்றும்போது செய்யும் பெருந்தவறு, பழையதைத் துண்டித்துவிட்டுப் புதியதற்குக் காத்திருப்பது. மொபைல் எண்ணை போர்ட் செய்வது போல பிராட்பேண்டுக்கு ஏற்பாடு எதுவும் கிடையாது, இரண்டும் தனித்தனி லைன், தனித்தனி கணக்கு. நாளைக்கே வருகிறோம் என்றவர் கம்பத்தில் இடமில்லை, அசோசியேஷன் அனுமதி இல்லை என்று பத்து நாள் இழுக்கலாம். புது லைன் வந்து ஒரு மாதமாவது இரண்டும் ஓடட்டும். பழைய கனெக்‌ஷனோடு லேண்ட்லைன் இருந்தால் இன்னும் கவனம் தேவை, லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப்போக முடியாது. ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அதுவாக இருக்கலாம், கேஸ் பதிவிலும் வங்கியிலும் அதுவே கொடுக்கப்பட்டிருக்கலாம். எல்லா இடத்திலும் மாற்றிவிட்டுத்தான் துண்டிக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்ன வேலை, புது ரவுட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வையுங்கள். டிவி, கேமரா, போன் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

போஸ்ட்பெய்டு கணக்கைப் பணம் கட்டாமல் விட்டுவிட்டால் தானாக முடிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், பில் ஏறிக்கொண்டே போய் பிறகு வசூல் அழைப்புகள் வரும். துண்டிக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, அந்தக் கோரிக்கைக்கான எண்ணை வாங்குங்கள். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் அடியில் உள்ள சீரியல் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதோ குறுஞ்செய்தியோ கையில் வந்த பிறகே ஆளை அனுப்புங்கள். டெபாசிட் திரும்பி வர அதுதான் ஆதாரம்.

புகாரையும் லைன்மேனின் வாட்ஸப்போடு நிறுத்திவிடக் கூடாது. அவர் நல்லவராகவே இருந்தாலும் அந்தச் செய்தி எங்கும் பதிவாகாது. வாடிக்கையாளர் மையத்தில் சொல்லி டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிகளின்படி அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே தனிப்பட்ட புகார் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், அவர்கள் அதை நிறுவனத்துக்குத்தான் அனுப்புவார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் நீதிமன்றத்தில் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது, அதனால் அந்த வழியும் திறந்தே இருக்கிறது. அங்கே போனாலும் முதலில் கேட்பது டாக்கெட் எண்களையும் தேதிகளையும்தான், எனவே முதல் புகாரிலிருந்தே ஒரு தாளில் எழுதி வாருங்கள்.