பழைய ஷெட்டைப் பொதுப் பட்டறை ஆக்கும்போது செய்யக்கூடாதவை

பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அவ்வளவு பெரிய இடம் இனி கைத்தொழில்காரர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் சின்ன ஷெட்டுகளுக்குக் குறைவில்லை. நாலைந்து தச்சர்கள், ஒரு லேத்காரர், ஒரு வெல்டர், சில தையல்காரர்கள் சேர்ந்து அப்படி ஒன்றை எடுத்தால், திண்ணையிலும் தெருவோரத்திலும் நடக்கிற வேலைக்கு ஒழுங்கான இடம் கிடைக்கும். காரியம் கெடுவது பெரும்பாலும் முதல் மாதத்தில்தான்.

சாவி கைக்கு வந்ததும் சுத்தம் செய்ய இறங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. பழைய ஷெட் என்றால் மேலே அநேகமாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைத்தாலோ, அறுத்தாலோ, துளை போட்டாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். நுரையீரல் புற்றுநோய் உட்பட அதனால் வரும் நோய்கள் தலைகாட்ட இருபது முப்பது வருடம்கூட ஆகும். அதனாலேயே யாரும் பயப்படுவதில்லை. சுத்தியலால் தட்டிக் கீழே தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு விடாதீர்கள். ஷீட்டை நன்றாக நனைத்து, அதைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் (கொக்கி போல வளைந்த ஆணி) நட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். ஷீட் மேல் காலை வைக்கவே கூடாது, பழசு ஆள் பாரம் தாங்காது. விழுந்த தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது. பழக்கமுள்ள ஆட்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது. கழற்றியதைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிவையுங்கள். கட்டட இடிபாட்டோடு சேர்த்துக் கொட்டாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு, அபாயக் கழிவுக்கான இடத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்தது தரை. முன்பு அங்கே முலாம் பூசினார்களா, பேட்டரி செய்தார்களா என்று தெரியாமல் போர்த் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். குரோமியமும் ஈயமும் மண்ணை விட்டு எளிதில் போகாது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த பெரியவர் யாராவது பக்கத்துத் தெருவில் இருப்பார். “அண்ணே, கழிவுத் தண்ணிய எந்தப் பக்கம் விடுவீங்க?” என்று கேட்டுவிட்டு, அந்த இடத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அப்புறம், இடத்தைச் சதுர அடிக் கணக்கில் மட்டும் பிரிப்பது. தச்சருக்குப் பக்கத்தில் வெல்டரை உட்காரவைத்தால் என்ன ஆகும்? கிரைண்டரில் கிளம்பும் பொறி பல அடி தள்ளிப் போய் விழும். மரத்தூள் குவியலுக்குள் விழுந்த பொறி உடனே எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றிக்கொள்ளும். தின்னரும் பாலிஷும் வைத்திருக்கும் மூலை இன்னும் மோசம். நெருப்பு வேலை ஒரு பக்கம், தூசு வேலை ஒரு பக்கம், நடுவில் செங்கல் சுவர் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். தையலும் துணி அச்சும் தூசு எட்டாத இடத்தில். வெளிச்சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் அந்தப் பக்கம் சத்தம் போடும் மெஷின் வேண்டாம்.

மின்சாரத்தில் மோட்டார்களின் குதிரைத்திறனைக் கூட்டி மட்டும் லோடு கேட்பார்கள். முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். இரண்டு மூன்று மோட்டாரை ஒன்றாகப் போட்டால் வோல்டேஜ் இறங்கி, பக்கத்தில் தைத்துக்கொண்டிருப்பவரின் வேலை நிற்கும். ஆளுக்கொரு துணை மீட்டர் வையுங்கள். பில் பங்கு போடுவதில் வரும் சண்டையிலேயே பல கூட்டு முயற்சிகள் உடைந்துபோகின்றன.

பேனல் போர்டை எந்த உயரத்தில் வைப்பது? 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேலே வையுங்கள். மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. நனைந்த மரம் காயும், எண்ணெயில் ஊறிய துணியும் மரமும் காசாகாது.

முகப்புக்கு வண்ணம், காபிக் கடை, கண்காட்சிக் கூடம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குட்டி யானை வண்டி உள்ளே வந்து சரக்கு இறக்கித் திரும்ப வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பொது மெஷினுக்குப் பொறுப்பாளர் இல்லாமல் விடாதீர்கள். ரம்பத்தின் பிளேடு மழுங்கினால் அடுத்தவர் மாற்றட்டும் என்று எல்லோரும் அதிலேயே அறுப்பார்கள், விரல் போவது அப்போதுதான். சம்பளம் கொடுத்து ஒருவரை வையுங்கள்.

கடைசியாகக் குத்தகை. மெஷினுக்கு அஸ்திவாரம் போட்டு, புது வயரிங் இழுத்து, கூரை மாற்றிய இடத்துக்குப் பதினோரு மாத ஒப்பந்தம் போதாது. நீங்கள் சீராக்கிய இடத்துக்கு அடுத்த வருடமே கூடுதல் வாடகை கேட்பார்கள். ஐந்து வருடமாவது எழுதி வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் செலவு ஆகுமே என்று உரிமையாளர் தயங்கினால், அதை நீங்களே பங்கு போட்டுக் கட்டிவிடுங்கள். கூரை மாற்றிய செலவில் அது ஒரு சிறு பகுதிதான்.