குழந்தை எப்போது? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

முதலில் வயது. 35-க்குக் கீழ் என்றால் ஓராண்டு முயன்றபின் மருத்துவரைப் பாருங்கள்; 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

கருத்தடை முறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் தவறுவது இங்கேதான். காப்பர்-டியை அகற்றிய உடனேயே கருத்தரிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கப் பத்து மாதம்கூட ஆகலாம்.

ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க முயல்வதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கருவின் நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் உருவாகும் பகுதி) முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுவதால், நாள் தள்ளியபின் தொடங்குவது தாமதம்.

வேலைக்குச் செல்பவர்களுக்கு, இந்தியச் சட்டப்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வேலை மாறுவதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். உறவினர் கேட்கிறார்கள் என்பதற்காக மட்டும் அவசரப்படாதீர்கள்.