வீல்சேர் வேன் வாடகைக்கு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீல்சேர் ஏறுமா?" என்று கேட்டால் "ஏறுமே" என்றுதான் பதில் வரும். பொய்யும் அல்ல. நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளும் வண்டியும் 'ஏறும்'தான். இருக்கையே வெளியே திரும்பி வந்து ஆளை ஏற்றிக்கொள்ளும் வண்டியும் 'ஏறும்'தான். ஆள் உட்கார்ந்தபடியே நாற்காலி உருண்டு உள்ளே போகும் வண்டியும் 'ஏறும்'தான். மூன்றும் வேறு வேறு வண்டிகள். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: "ஆள் நாற்காலியை விட்டு எழாமல் ஏற முடியுமா? அதிலேயே உட்கார்ந்து பயணம் செய்ய முடியுமா? கதவு வாசலின் உயரம் எத்தனை சென்டிமீட்டர்?"

வெறும் நாற்காலியை அளப்பது

அளக்க வேண்டியது ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை. வழக்கமாகப் போடும் மெத்தையோடு சுவரோரம் நிறுத்துங்கள். தலைமேல் தடித்த புத்தகம் ஒன்றை மட்டமாக வைத்து, அதன் அடிவிளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் உங்களுக்கு வேண்டிய உயரம். பிரிட்டனின் பேருந்து விதிகள் கணக்கில் கொள்ளும் மாதிரி நாற்காலி 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம், ஆளோடு 135 செ.மீ. உயரம். வளர்ந்த ஆள் ஒருவர் தடித்த காற்று மெத்தையில் உட்கார்ந்தாலே 135-ஐத் தாண்டிவிடுவார்.

வேன்காரர் சொல்லும் உயரம் பெரும்பாலும் உள்கூரையின் உயரம். தலை இடிப்பது கதவுச் சட்டத்தில். அது கூரையைவிடத் தாழ்வாகவே இருக்கும். ஆகவே வாசலின் உயரத்தைத் தனியாகக் கேளுங்கள். உங்கள் அளவுக்கு மேல் 5 செ.மீ.யாவது இடைவெளி இருக்கட்டும். நீளத்தைக் கால்மிதியின் நுனியிலிருந்து பின்சக்கரத்தின் கடைசி வரை எடுங்கள். காலை நீட்டி வைத்துப் போகிறவர் என்றால் நீட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும்.

எடையும் அப்படித்தான். பேட்டரி நாற்காலி 150 கிலோ, ஆள் 80 கிலோ என்றால் 230 ஆகிவிட்டது. லிஃப்ட் தட்டில் துணைக்கு ஒருவரும் நின்றால் 300-ஐ எட்டும். லிஃப்டிலோ ரேம்ப்பிலோ ஒட்டியிருக்கும் எடை வரம்பைப் படிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ரேம்ப் இருந்தால் போதும் என்று நினைப்பது

கட்டடங்களில் 1-க்கு 12 என்ற சரிவு வைப்பார்கள். தளத்தைத் தாழ்த்தி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வைத்த வேனுக்கு அந்தக் கணக்கில் 3.6 மீட்டர் ரேம்ப் வேண்டும். எந்த வேனிலும் அது இருக்காது. பெரும்பாலும் 1.5 மீட்டர் போலத்தான் இருக்கும். அந்தச் சரிவில் 75 கிலோ ஆளையும் 18 கிலோ நாற்காலியையும் மேலே தள்ள, சுமார் 19 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை தேவை. ஆரோக்கியமான ஒருவரால் முடியும். தளம் தாழ்த்தப்படாத வேனில் உயரம் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் தனி ரேம்ப்பைச் சாய்த்துப் போட்டால் விசை 32 கிலோவைத் தாண்டும், நாற்காலி பின்பக்கமாகக் கவிழவும் பார்க்கும். அப்படிப்பட்ட வேனுக்கு லிஃப்ட்தான் சரி. "ரெண்டு பேர் பிடிச்சா ஏத்திடலாம்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். முதல் நாள் ஏற்றிவிடலாம். நாளுக்கு ஆறு முறை இறங்கி ஏறும் பயணத்தில் மூன்றாம் நாள் பிடிக்க ஆள் இருக்காது.

பேட்டரி நாற்காலிக்கு விசைப் பிரச்சினை இல்லை என்றும் எண்ண வேண்டாம். பல நாற்காலிகளின் கையேட்டில் ஏறக்கூடிய சரிவு 6 முதல் 10 டிகிரி வரைதான். மேலே சொன்ன 1.5 மீட்டர் ரேம்ப்பே 11 டிகிரிக்கு மேல். கவிழாமல் காக்கும் பின்புறச் சின்னச் சக்கரங்கள் ரேம்ப்பின் அடியில் தட்டி நின்றுவிடுவதும் உண்டு. ரேம்ப்பில் இறக்கும்போது, தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நின்று நாற்காலியைப் பின்னோக்கி இறக்க வேண்டும்.

நாற்காலியின் பிரேக்கை நம்புவது

இதில்தான் உயிர் இருக்கிறது. கைப்பிரேக், வேன் ஒருமுறை அழுத்தி பிரேக் போடும்போதே தோற்றுவிடும். நாற்காலி முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்த "இடம் வசதி" என்று காரணம் சொல்லும் வேனை விட்டுவிடுங்கள். நாற்காலியைத் தரையோடு கட்ட நான்கு பட்டைகள் வேண்டும்: முன்னே இரண்டு, பின்னே இரண்டு. முன்பக்க மோதலில் பெரும்பகுதிச் சுமை பின்பட்டைகளில்தான் விழும்.

கட்டும் முறை இது. நாற்காலியை இடத்தில் நிறுத்தி பிரேக் போடுங்கள், பேட்டரி நாற்காலி என்றால் மின்சாரத்தை அணையுங்கள். கொக்கிகளை நாற்காலியின் பற்றவைத்த சட்டத்தில் மாட்டுங்கள். சக்கரம், கைத்தாங்கி, கால்மிதி, கழற்றி மாட்டும் எந்தப் பாகமும் ஆகாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்பட்டை தரையோடு 30 முதல் 45 டிகிரி, முன்பட்டை 40 முதல் 60 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். பட்டை முறுகியோ, சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்தோ போகக் கூடாது. இறுக்கிய பின் சட்டத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் மறுபடி இறுக்குங்கள்.

நாற்காலியைக் கட்டியாயிற்று, ஆளைக் கட்டவில்லை. பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நாற்காலியோடு வரும் இடுப்புப் பட்டை, ஆள் சரியாமல் உட்காரத்தான், விபத்தைத் தாங்காது. வேனின் சொந்த பெல்ட் இடுப்பெலும்பின் மேல் தாழப் படிந்து, தோள் வழியாகவும் வர வேண்டும். கைத்தாங்கிக்கு மேலாக ஓடினால் பெல்ட் உடம்பில் படாது, கைத்தாங்கிக்கு உள்ளே நுழைத்தே போட வேண்டும். சாய்ந்த நாற்காலியின் முதுகு நேர்நிலையிலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் மோதலில் ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிவிடுவார்.

நாற்காலியும் இதைத் தாங்க வேண்டும். வண்டியில் இருக்கையாகப் பயன்படும் நாற்காலிகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 7176-19. அதன்படி சோதிக்கப்பட்ட நாற்காலியில் கொக்கி மாட்டும் நான்கு இடங்களிலும் கொக்கிப் படம் ஒட்டியிருக்கும். படம் இல்லாவிட்டால், முடிந்தவர் வேனின் இருக்கைக்கு மாறிக்கொள்வதே நல்லது. மூன்று, நான்கு சக்கர ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் அப்படித்தான். தரையில் தானே பூட்டிக்கொள்ளும் கருவியுள்ள வேனைப் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு நாற்காலியின் அடியில் பொருந்தும் தனிப் பூட்டுப் பாகம் வேண்டும், உங்கள் நாற்காலியில் அது இல்லையென்றால் பயன் கிடையாது.

எந்தப் பக்கம் திறக்கும், எங்கே நிற்கும்

பக்கவாட்டில் திறக்கும் வேனுக்கு அந்தப் பக்கம் சுமார் இரண்டரை மீட்டர் இடம் வேண்டும். யாரோ காரை ஒட்டி நிறுத்திவிட்டால் ஏற முடியாது. நடைபாதைப் பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் திறப்பதற்கு வேனுக்குப் பின்னால் மூன்று மீட்டர் போல வேண்டும், சில இடங்களில் ஆள் சாலையிலேயே இறங்க நேரும். தெரியாத ஊர்களில் தினம் இடம் மாறும் பயணத்துக்குப் பின்பக்கமே சமாளிக்கச் சுலபம் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதில் நாற்காலி பின்அச்சுக்கு மேலேயே நிற்பதால் குலுக்கல் அதிகம். தலைசுற்றல் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். பெட்டிகள் வைக்கும் இடமும் அங்கேதான் போய்விடும். வேன்காரர் "ஏழு பேர் போகலாம்" என்றால், நாற்காலியை நிறுத்திய பிறகு எத்தனை பேர், குளியல் நாற்காலி எங்கே போகும் என்று கேட்டுவிடுங்கள்.

உயரக் கூரை வேன் 2.6 மீட்டரையும் தாண்டும். தரைக்கீழ் நிறுத்துமிடங்கள் பலவற்றில் 2.1 மீட்டரிலேயே தடுப்புக்கம்பி இருக்கும். தளம் தாழ்த்திய வேனில் உயரப் பிரச்சினை குறையும், வேகத்தடையில் அடிவயிறு உரசும்.

ஏசி காற்று பின்னால் வருகிறதா என்பது சிலருக்கு மருத்துவக் கேள்வி. கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெப்பம் ஏறினால் உடலால் தணித்துக்கொள்ள முடியாது.

சாவி வாங்கும் நேரத்தில் அவசரப்படுவது

லிஃப்டை இயக்கிக் காட்டுவார்கள். அதோடு விடாமல், ஓட்டுநரையே அவர் கையால் இருமுறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை நாற்காலியும் தட்டில் இருக்கட்டும். பிறகு மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டில் கையால் அடிக்கும் பம்ப் இருக்கும். அதன் கைப்பிடிக் கம்பி வண்டியில் இருக்கிறதா என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு பட்டைகளையும் முழுநீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்ததோ, கொக்கி வளைந்ததோ ஒன்று இருந்தாலும், மாற்றுப் பட்டை வரும்வரை அந்த வேனில் ஏற வேண்டாம்.