ஒற்றனை நம்பாதீர்கள், பேயை நம்புங்கள்

வேலூர் தோட்டப்பாளையத்தில் வாடகை நூலகம் நடத்துகிறேன். ஒற்றர்கள் பேய் பிசாசுகளோடு மோதும் சரித்திர மாயக்கதைகளை வாசகர்கள் விரும்பி எடுத்துப் போகிறார்கள். ஆனால் பாதியில் திரும்பி வருவதும் அவைதான். அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் பெரும்பாலும் ஐம்பதாம் பக்கத்தை ஒட்டியே இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் புத்தகம் உங்களை விடாது. தாண்டும் வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை எந்த ஆண்டில், எந்த ஊரில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் படித்துக்கொண்டால் போதும். முதலாம் எலிசபெத் ராணியின் இங்கிலாந்து என்று வைத்துக்கொள்வோம். ராணியின் உளவுத் தலைவர் வால்சிங்கம். காவலில் இருந்த ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு ரகசியக் கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் ஒளிந்து போய்வந்தன. அத்தனையும் வால்சிங்கத்தின் ஆட்கள் பிரித்துப் படித்தவை. 1587-இல் மேரியின் தலை போனது. அதே காலத்தில் ராணிக்கு முடிசூட நாள் குறித்துக் கொடுத்த ஜான் டீ என்ற கணித அறிஞர், தேவதைகளோடு பேசியதாகப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். இவ்வளவும் நடந்தவை. இது தெரிந்திருந்தால்தான், ஆசிரியர் எந்த இடத்தில் சரித்திரத்தை விட்டு விலகுகிறார் என்பது பிடிபடும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே தனி ருசி.

மாயம் என்று வந்தால் நமக்குப் பாடமே வேண்டாம். எங்கள் பக்கம் இருட்டிய பிறகு கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் கூடவே ஒரு கரித்துண்டு வைப்பார்கள். உச்சிவேளையில் முனி போகிற பாதையில் படுக்கக் கூடாது. கையில் இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது. என் ஆயா சொன்ன பேய்களில் சட்டதிட்டம் இல்லாத பேய் ஒன்றுகூடக் கிடையாது. நாவலையும் அப்படியே படியுங்கள். பேய் எப்போது வரும், எதற்கு அஞ்சும், அதை ஏவியவன் பதிலுக்கு எதைக் கொடுத்தான் என்று மூன்றையும் பேய் தலைகாட்டும் அத்தியாயத்திலேயே தேடுங்கள். மூன்றாவதுதான் கதையின் உயிர். கடைசி அத்தியாயத்தில் நாயகனுக்கு அதுவரை சொல்லாத சக்தி முளைத்தால் அது வாசகனுக்குச் செய்யும் துரோகம். அப்படிப்பட்ட புத்தகத்தை நான் யாருக்கும் எடுத்துத் தருவதில்லை. ‘இதெல்லாம் நடக்குமா’ என்ற கேள்வியை மட்டும் செருப்போடு வாசலில் விட்டுவிடுங்கள்.

ஒற்றர் விஷயத்தில் நேர்மாறாக இருக்க வேண்டும். யார் சொன்னாலும் நம்பாதீர்கள், கதை சொல்பவன் உட்பட. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வழி காட்டியிருக்கிறார்: ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் சொல்வது ஒத்துப்போனால்தான் அது உண்மை. ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் பாத்திரம் கண்ணால் கண்டது, மறுபக்கம் பிறர் சொல்லிக் கேட்டது என்று எழுதி வாருங்கள். புனைபெயர்களையும் அதிலேயே குறியுங்கள். ஐம்பதாம் பக்கத்தில் பலரைக் கவிழ்ப்பது பெயர்க் குழப்பம்தான். அதனால் அந்த முதல் ஐம்பது பக்கங்களை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு இரவு மொட்டை மாடி உத்தமம்.

இத்தகைய நாவல்களில் என்னை உலுக்குவது பேய் அல்ல. உண்மையைத் தெரிந்துகொண்ட ஒருவன் சொல்லியும் யாரும் நம்பாமல் போகிற இடம். வேலூர்க் கோட்டையில் அது நிஜமாகவே நடந்தது. 1806 ஜூலை 10 விடியும் முன்பே சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே வெள்ளை அதிகாரியிடம் போய்ச் சதி நடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். விசாரிக்கும் பொறுப்பு சுதேசி அதிகாரிகளிடமே போனது. அவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள், அவரைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். அவரைத் துரோகி என்பதா, சாட்சி என்பதா? சிப்பாய்களின் பக்கமே என் மனம் நிற்கிறது. ஆனாலும் பூட்டிய அறைக்குள் அந்த மனிதர் எதை நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று எண்ணாமல் என்னால் அகழிப் பக்கம் நடக்க முடிவதில்லை.

வேலூரில் இருப்பவர்கள் ஒரு மாலை அகழியை ஒட்டி நடந்துவிட்டு வந்து அடுத்த அத்தியாயத்தைத் திறங்கள். திப்புவின் குடும்பத்தை வைத்திருந்த மகால்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. அந்தத் திப்புவின் வழிவந்த நூர் இனாயத் கான், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஒற்றராகப் பாரிஸிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் ரகசியச் செய்தி அனுப்பி, பிடிபட்டு, 1944-இல் ஜெர்மனியின் டாக்காவ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். அந்தப் போரைக் களமாகக் கொண்ட மாயக்கதையில் ஒற்றர் ஒருத்தி தனியறையில் காதில் மாட்டிய ஒலிக்கருவியோடு உட்கார்ந்திருக்கும் பக்கம் வந்தால் அவசரப்படாதீர்கள். பேய் வரும் பக்கங்களைவிட அதை மெதுவாகப் படியுங்கள்.

புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர் குறிப்பு இருந்தால் முன்கூட்டிப் புரட்ட வேண்டாம். எது நடந்தது, எது கற்பனை என்று அவரே அதில் உடைத்துவிடுவார். கதையை முடித்துவிட்டு, உங்கள் தாளில் எழுதியதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பருக்குப் புத்தகத்தைக் கொடுக்கும்போது அந்தத் தாளை மறக்காமல் உருவிவிடுங்கள்.