குளிர்காலத்தில் ஸ்ட்ரோம்போலி: நண்பர்களோடு செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வடக்கே, தீரேனியக் கடலில், அயோலியத் தீவுகள் எனப்படும் ஏழு எரிமலைத் தீவுகள் உள்ளன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்தக் கூட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 924 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஸ்ட்ரோம்போலி. அதன் உச்சிக்கு அருகிலுள்ள வாய்கள் ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை தீக்குழம்பை வீசி எறிவதால், மாலுமிகள் இதனை மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று அழைத்து வந்திருக்கிறார்கள். கோடையில் இறங்குதுறை நிரம்பி வழியும் இந்தத் தீவில், நவம்பர் முதல் மார்ச் வரை சில நூறு உள்ளூர்வாசிகளே இருப்பார்கள். அந்த மாதங்களில் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து செல்வதற்கான வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, குழுவில் உள்ள அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வருவது. குளிர்காலத்தில் இந்தத் தீவுக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் கடல்தான் தீர்மானிக்கிறது. ஸ்காரி என்னும் இறங்குதுறை, சூழ்ந்து காக்கும் துறைமுகம் அன்று. திறந்த கடலை நோக்கி நீளும் ஒரு மேடை மட்டுமே. தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்று வலுத்து வீசும் நாளில் கப்பல் அருகில் வரை வந்தும் அணையாமல் திரும்பிவிடும். எனவே, இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அந்தச் செலவைப் பொதுப் பணத்திலிருந்து எடுப்பதா, ஒருவருக்கு அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தால் மற்றவர்களும் உடன் கிளம்புவதா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நாங்கள் நால்வர் சென்றபோது இதைப் பேசாமல் போனோம். கப்பல் வராத இரண்டாம் நாள் இரவில், மறுநாள் விமானத்தைத் தவறவிடப்போகும் நண்பருக்கும் மற்ற மூவருக்கும் இடையே எழுந்த மனத்தாங்கல் ஆறுவதற்கு வெகுநாள் பிடித்தது.

அதைத் தவிர்க்கும் எளிய வழி, பயணத்தின் வரிசையை மாற்றுவது. ஸ்ட்ரோம்போலியைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்து, கேட்டானியா, சிரகூசா போன்ற சிசிலி நகரங்களை இறுதியில் வையுங்கள். தீவில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டாலும் நகரத்தில் செலவிடவிருந்த நாட்கள் குறையுமே தவிர, விமானம் கைவிட்டுப் போகாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தக் கூடுதல் நாட்களையும் சேர்த்துக் கேட்பது நல்லது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் அதே நாட்கள் முழுவதற்கும் இருக்க வேண்டும்.

தீவை அடைய இரண்டு வழிகள் உண்டு. சிசிலியின் மிலாட்சோ துறைமுகத்திலிருந்து அலிஸ்காஃபோ எனப்படும் விரைவுப் படகுகளும் பெரிய கப்பல்களும் செல்கின்றன. கேட்டானியா விமான நிலையத்திலிருந்து மெசினா வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து மிலாட்சோவுக்கு மாறலாம். அலை எழுந்தால் முதலில் நிறுத்தப்படுவது அலிஸ்காஃபோ. பெரிய கப்பல் அதைவிடச் சற்றுத் தாங்கும். நான் பரிந்துரைப்பது மற்றொரு வழியை. இத்தாலியப் பெருநிலத்திலுள்ள நேப்பிள்ஸ் நகரிலிருந்து வாரத்தில் சில நாட்கள் மட்டும் இரவுக் கப்பல் புறப்படுகிறது. மாலையில் ஏறினால் மறுநாள் விடியற்காலையில் ஸ்ட்ரோம்போலி வந்துவிடும். குளிர்காலத்தில் அந்த நேரத்தில் இன்னும் இருட்டாகவே இருக்கும் என்பதால், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து மேல்தளத்துக்குச் சென்று நில்லுங்கள். கரிய வானத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, விரிந்து, அணையும். சிறிது நேரம் கழித்து மீண்டும் தோன்றும். கோடைக்காலப் பயணிக்கு விடியல் முந்திக்கொள்வதால் இந்தக் காட்சி எளிதில் கிடைப்பதில்லை.

தங்குவதற்கு ஹோட்டலை நம்ப வேண்டாம்; பெரும்பாலானவை மூடியிருக்கும். சமையலறையுடன் கூடிய முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதே நண்பர் குழுவுக்குப் பொருந்தும். பகலில் 13 முதல் 15 டிகிரி வரைதான் என்றாலும், கோடைக்காகக் கட்டப்பட்ட தடித்த சுவர்களும் கடல் ஈரமும் சேர்ந்து வீட்டுக்குள் எலும்பு வரை குளிரச் செய்யும். ஆகவே, வெப்பமூட்டும் வசதி என்ன இருக்கிறது, அது எல்லா அறைகளிலும் உண்டா என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேற்குக் கோடியிலுள்ள ஜினோஸ்த்ராவுக்குக் கடல் வழியாக மட்டுமே செல்ல முடியும் என்பதால், முதல்முறை வருவோர் குளிர்காலத்தில் அங்கே வீடு எடுக்காமல், சான் வின்சென்சோ தேவாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பகுதியில் தங்குவதே பாதுகாப்பு. கடையில் ரொட்டி, பாஸ்தா, தக்காளி கிடைக்கும். கப்பல் வராத நாட்களில் காய்கறி தீர்ந்துவிடும். அரிசி, பருப்பு, மசாலாப் பொடிகளைச் சொந்த ஊரிலிருந்தும், காய்கறியை மிலாட்சோவிலோ நேப்பிள்ஸிலோ வாங்கிச் செல்லுங்கள். உள்ளூர் வீடுகளில் உப்பிலிட்டு விற்கும் கேப்பர் என்னும் செடியின் மொட்டுகளை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். நன்கு கழுவிச் சோற்றில் பிசைந்தால் நம் மணத்தக்காளி வற்றலை நினைவூட்டும். ரொக்கப் பணமும், ஆளுக்கொரு கைவிளக்கும் அவசியம், ஏனெனில் ஊர்ச் சந்துகளில் தெருவிளக்கு இல்லை.

இனி மலை. 2019 ஜூலை 3 அன்று நிகழ்ந்த பெருவெடிப்பில் மலையேறிய ஒருவர் உயிரிழந்தபின் உச்சிக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் 290 மீட்டர் வரை தனியாகவும், 400 மீட்டர் வரை வழிகாட்டியுடனும் செல்ல அனுமதி இருந்துள்ளது. எரிமலையின் நிலைக்கேற்ப இந்த எல்லை குறையும், சில வேளைகளில் முற்றிலும் மூடப்படும். சென்று இறங்கிய அன்றே, இந்தத் தீவை நிர்வகிக்கும் லீபரி நகராட்சியின் நடப்பு ஆணையைக் கேட்டறியுங்கள். வழிகாட்டி நிறுவனங்களில் பல குளிர்காலத்தில் இயங்காது. தீவுக்கு வருமுன்பே எழுதி உறுதிசெய்ய வேண்டும்.

வழிகாட்டி கிடைக்காவிட்டாலும் வருந்த வேண்டியதில்லை. ஊரின் மேற்கு எல்லையைத் தாண்டி புந்தா லாப்ரோன்சோ என்னும் முனை வரை நடந்தால், அங்கிருந்தே மலையின் வாய்கள் தெரியும். ஜூனில் இருட்டுவதற்கு இரவு 9 மணி தாண்டிவிடும். டிசம்பரில் 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்து, 6 மணிக்குள் முழு இருட்டு வந்துவிடும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி உலை வைக்க நேரம் இருக்கும். காற்றுக்கு மறைவாக ஒரு கல்லின் பின்னால் உட்கார்ந்து, விளக்குகளை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் வாயின் விளிம்பு மட்டும் செம்மை பூசியதுபோல் ஒளிரும். பிறகு தீக்கங்குகள் விசிறிபோல் எழுந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, தனித்தனியாக விழும். ஓசை அதன்பின்தான் வரும். ஒளிக்கும் ஓசைக்கும் இடையே நொடிக்கு ஒன்றாக மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள்; மூன்று எண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில், உங்களுக்கும் தீக்கும் இடையே உள்ள தொலைவு தெரியும். மேகம் உச்சியை மூடியிருந்தால் மறுநாள் வாருங்கள். இதற்காகவே குறைந்தது நான்கு இரவுகள் தங்கச் சொல்கிறேன்.

2002 டிசம்பர் 30 அன்று, ஷாரா தெல் ஃபுவோகோ எனப்படும் தீச்சரிவிலிருந்து பெரும்பகுதி கடலில் சரிந்து ஆழிப்பேரலையை எழுப்பியது. ஆகவே, வந்த முதல் நாளே கடற்கரையிலிருந்து மேட்டுக்குச் செல்லும் வழிகளைக் காட்டும் பலகைகளைப் பார்த்து, எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் அனைவரும் எங்கே கூடுவது என்று முடிவுசெய்துவிடுங்கள்.

திரும்பும் நாளுக்கு முந்தைய மாலையில் ஒருவர் ஸ்காரிக்கு நடந்து சென்று, பயணச்சீட்டு அலுவலகத்தில் மறுநாள் நிலவரத்தைக் கேட்டு வர வேண்டும். காற்று திரும்பும் என்று அவர்கள் சொன்னால், திட்டமிட்ட நாளுக்காகக் காத்திராமல் அடுத்த கப்பலிலேயே ஏறிவிடுங்கள்.