ஷெட்டில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஸ்பானருக்கு முன் ஆர்.சி. புத்தகம்

தாத்தா காலத்து ஹெரால்டு கார் தார்ப்பாய்க்குக் கீழே பல வருஷமாக நிற்கிறது என்றால், அதை நேரே டிங்கரிங் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அங்கே முதல் நாளே துருப்பிடித்த தகடுகளை வெட்டுவார்கள், நம்பர் தகட்டின் ரிவெட்டைக் கழற்றுவார்கள், பெயிண்டைச் சுரண்டுவார்கள். வண்டியின் சரித்திரம் இருப்பது இந்த மூன்று இடத்திலும்தான். அது போய்விட்டால், பளபளவென்று தயாரான வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடையாளம் காட்ட வழியில்லாமல் நிற்பீர்கள்.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் பெயரில் வந்த கார். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கேலோட்டி. 1960-களில் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இதை 948 சி.சி. எஞ்சினோடு ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. 1972-ல் வந்த கெஸல் இதன் தம்பி. ஆனால் பின் ஆக்சில் வேறு, ஆகவே சாமான் வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பெனி இப்போது இல்லை. மிச்சமிருக்கும் காகிதத் தடயமெல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் உங்கள் வீட்டு அலமாரியிலும்தான்.

முதல் வேலை, சேசிஸிலும் (வண்டியின் அடிச்சட்டம்) எஞ்சினிலும் உள்ள நம்பர்களைப் படியெடுப்பது. கம்பி பிரஷ்ஷோ கிரைண்டரோ வேண்டாம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து ஹெச்.பி. பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். சேசிஸ் நம்பர் அப்படியே தாளில் ஏறும். எஞ்சின் நம்பர் பிளாக்கின் (எஞ்சினின் அடிப்பாகம்) இடப்பக்கம், ஹெட்டுக்கு (அதன் மேல்மூடி) சற்றுக் கீழே உள்ள தட்டையான மேடையில் குத்தியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் மரக்குச்சியால் சுரண்டுங்கள். மூன்று மூன்று பிரதி எடுத்து, போட்டோவும் பிடித்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எஞ்சின் நம்பர் மட்டும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் எப்போதோ எஞ்சின் மாற்றிப் பதியாமல் விட்டதாக இருக்கும். சேசிஸ் நம்பரே பொருந்தாவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். காசு செலவழிக்கும் நேரம் அது இல்லை.

பழைய ஆர்.சி. புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பது நல்லது. ஒவ்வொரு பெயர் மாற்றமும் தேதியோடும் அலுவலக முத்திரையோடும் இருக்கும். கடன் பதிவு, நிறமாற்றப் பதிவு, வரி கட்டிய விவரம் எல்லாம் அங்கேயே. எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் எண்கள் மெட்ராஸ் மாநிலக் காலத்தவை. மாநிலத்தின் பெயர் 1969-ல் மாறியபின் டி.என்., டி.எம். போன்றவை வந்தன. டி.என்.-01 மாதிரியான மாவட்ட எண்முறை 1989-க்குப் பிறகுதான். ஆக, 1960-களின் வண்டியில் புது முறை நம்பர் இருந்தால் நடுவில் ஏதோ மறுபதிவு நடந்திருக்கிறது. அந்த இடத்தைத் தோண்டுங்கள்.

புத்தகமே தொலைந்துபோயிருந்தால் போலீஸில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி, படிவம் 26-ல் நகல் கேட்க வேண்டும். பல பழைய வண்டிகள் கணினியில் ஏறியிருக்காது. பதிவு செய்த அலுவலகத்தில் பி ரிஜிஸ்டரை (வண்டிகளின் பழைய கைப்பதிவேடு) தேடியெடுத்து 'பேக்லாக் என்ட்ரி' போட்டால்தான், அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றினால்தான், மற்ற விண்ணப்பங்கள் நகரும். மாவட்டம் பிரிந்து ரிஜிஸ்டர் வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கலாம் என்பதால், முதலில் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். வாய்மொழியாக அலைக்கழித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். முந்தைய உரிமையாளரின் சொந்த விவரங்களை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. ஆகவே ஆளைக் கேட்காமல், 'இந்த வாகனத்தின் பதிவேட்டுப் பதிவுகளின் நகல்' என்று கேளுங்கள்.

வண்டி இறந்தவர் பெயரிலேயே இருந்தால் படிவம் 31, இறப்புச் சான்று, தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போடுவதைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வண்டி தகரமாக இருக்கும்வரை யாருக்கும் ஆசை வராது. பழைய கடன் பதிவு நீக்காமல் கிடந்தால் படிவம் 35.

இனி பெயிண்ட் பரிசோதனை. டிக்கியின் உட்புறத்திலோ கதவு அட்டைக்குப் பின்னாலோ ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இடம் எடுத்து, 400 நம்பர் நீர்க்காகிதத்தால் வட்டமாகத் தேய்த்து 800-ல் முடியுங்கள். மர வளையம் போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும்: மேலே வெள்ளை, அதற்குள் சாம்பல் பிரைமர், அதற்குள் நீலம், கடைசியில் தகட்டை ஒட்டி முதல் பிரைமர். வெளியே நான்கு வளையமும் டிக்கிக்குள் இரண்டும் இருந்தால், நடுவில் வெளிப்பக்கம் மட்டும் அடித்திருக்கிறார்கள். ஒரு பக்க மட்கார்டில் மட்டும் பட்டி தடித்திருந்தால் அந்தப் பக்கம் இடி வாங்கியிருக்கிறது, சேசிஸ் அளவை அங்கே கவனியுங்கள். வளையங்களை ஆர்.சி.யிலுள்ள நிறப் பதிவோடு ஒப்பிட்டுவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். பதிவில் இல்லாத நிறம் அடித்தால் அதற்குத் தனியாக அனுமதியும் பதிவும் வேண்டும்.

ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்ட பாடி. கழற்றுவது சுலபம் என்பதுதான் ஆபத்தும். பாடி முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. கதவு வாசலில் பிரேஸ் (தற்காலிகத் தாங்குகம்பி) வைக்காமல் தூக்கினால் நடுவில் மடங்கும், பிறகு எந்தக் கதவும் சாத்தாது. 25 மி.மீ. சதுரக் குழாயைக் கதவு வாசலுக்குக் குறுக்கே முன் தூணிலிருந்து பின் தூணுக்கு வெல்டு செய்யுங்கள். அதற்கு முன் கதவைச் சாத்தி, இடைவெளியை மேல், நடு, கீழ் என்று அளந்து எழுதுங்கள். பாடி போல்ட்டுகளுக்கு அடியில் இருக்கும் தகட்டுத் துண்டுகள் குப்பையல்ல, கதவு இடைவெளியைச் சரிசெய்ய வைத்தவை. எந்தப் போல்ட்டில் எத்தனை என்று பையில் எழுதிப் போடுங்கள்.

துரு முதலில் பிடிப்பது சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை. ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும், பாடி போல்ட்டில் இருக்கும்போதே வெட்டி, 2 மி.மீ. தகட்டில் புதிதாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் அளவு போய்விடும். நம்பர் உள்ள பகுதியில் கிரைண்டர் படவே கூடாது. துருவின்மேல் தார் பூசுவது நம் ஊர்ப் பழக்கம். தண்ணீர் வடியும் ஓட்டையை அது அடைத்து, உள்ளேயிருந்து அரிக்க வைக்கும். தகடு சுத்தமான பிறகு எபாக்ஸி பிரைமரே போதும்.

நட்டுகள் அங்குல அளவு: 7/16, 1/2, 9/16 ஸ்பானர்கள். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் முனை மழுங்கும்.

உயிருக்கு ஆபத்தான இடம் முன்சக்கரத்தின் டிரனியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் அடிமரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை இறங்காது. கிரீஸ் இறுகி, தண்ணீர் தங்கி, துரு தின்று, ஒருநாள் செங்குத்துத் துண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கும். கழற்றிப் பாருங்கள்: மரையில் குழியோ கீறலோ இருந்தால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். இடம், வலம் இரண்டுக்கும் மரையின் திசை வேறு. மாட்டும்போது முழுக்கத் திருகி, பிறகு ஸ்டியரிங் இருபக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குத் தளர்த்துங்கள். கிரீஸ் கன்னில் கிரீஸை முழுக்கக் கழுவிவிட்டு ஆயில் ஊற்றிப் பயன்படுத்தலாம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அடித்துவிடுங்கள்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் தண்டின் முனையில் உள்ள புல்லியைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. சரியான ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ. வாஷர் கழன்று சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) விழுந்திருந்தால் கிராங்க் பிளாக்கையே தின்னும், அப்புறம் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தாலும் உதவாது. புது வாஷரைக் காடியுள்ள பக்கம் கிராங்கைப் பார்க்குமாறு வையுங்கள். திருப்பி வைத்து அனுப்புகிற கடைகளும் உண்டு. வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.25 மி.மீ., பிளக் இடைவெளி 0.64 மி.மீ., ஃபயரிங் வரிசை 1-3-4-2. ஹெட்டைத் திறந்த கையோடு எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் (வால்வு உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலில் பழைய சீட் உள்ளே இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர்க் குழாயும் பம்பு டயாஃப்ரமும் தாங்காது, இரண்டையும் மாற்றுங்கள்.

பேட்டரி மாட்டுவதற்கு முன் எந்த முனை பாடியில் எர்த்தாக இறங்குகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பிளஸ் முனை இறங்கியிருக்கலாம்.

பிரேக் நான்கு சக்கரத்துக்கும் டிரம், ஒரே லைன். ஓர் இடம் கசிந்தால் நான்கும் போச்சு. வீல் சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள். பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.

ஐம்பது வயது தாண்டிய சொந்த வண்டியை விண்டேஜாகப் பதிய 2021-ல் விதி வந்தது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் காட்சி, பேரணி, பெட்ரோல், பழுது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற வண்டி என்றால் சாதாரண ஆர்.சி.யைப் படிவம் 25-ல் புதுப்பித்து எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கான சோதனை) காட்டுவதே சரி. எஃப்.சி.க்குப் போகுமுன், ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஹெரால்டின் பின்சக்கரம் தூக்கும்போது உள்ளே மடங்கும், உருட்டினால்தான் தன் இடத்தில் உட்காரும். மடங்கிய நிலையில் பார்த்துவிட்டு ஆக்சில் வளைந்திருக்கிறது என்று எழுதிவிடுவார்கள்.